மறையாத பழுப்புத் திட்டுகள்: குழந்தைகளின் மாஸ்ட் செல் தோல் நோய் குறித்த வாசகர் கேள்விகள்

குழந்தைகளின் தோலில் வரும் அரிப்பு, தடிப்பு பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, 'மாஸ்டோசைட்டோசிஸ்' (மாஸ்ட் செல் என்ற அணுக்கள் அளவுக்கு மிஞ்சிக் கூடும் நோய்) என்று எழுதப்பட்ட மருத்துவச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் பெற்றோர் சிலர் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அரிதாகவே காணப்படும் நோய் என்பதால் தமிழில் இதைப் பற்றி விரிவாகப் படிக்கக் கிடைப்பதில்லை. ஆகவே இந்த இதழின் பதில்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு நோய்க்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு இப்போது பத்து மாதம். மூன்றாம் மாதத்தில் முதுகிலும் வயிற்றிலும் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. கொசுக்கடி என்று விட்டுவிட்டோம். பிறகு காணாக்கடி என்று சொல்லி மந்திரித்தும் பார்த்தார்கள். குளிப்பாட்டும்போது அவை தடித்துவிடுகின்றன. சற்று நேரத்தில் தடிப்பு அடங்கினாலும் பழுப்பு நிறம் போவதே இல்லை. மருத்துவக் கல்லூரியில் சிறிது தோலை எடுத்துப் பரிசோதித்து, 'அர்ட்டிகேரியா பிக்மென்டோசா, மாஸ்டோசைட்டோசிஸில் ஒரு வகை' என்றார்கள். இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய்களோடு சேர்த்து இந்தப் பெயர் வருகிறது. தூக்கமே போய்விட்டது. என் பிள்ளைக்கு என்ன ஆகும்?
— ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகனுக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய் அன்று. பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடங்கும் மாஸ்டோசைட்டோசிஸ் மிகப் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பருவ வயதை எட்டுவதற்குள் அது தானாகவே மறைந்துவிடும், அல்லது வெகுவாக மங்கிவிடும்.

இணையத்தில் நீங்கள் கண்ட குழப்பத்துக்குக் காரணம் உண்டு. இதே பெயருள்ள நோய் பெரியவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலும் மாஸ்ட் செல்கள் மிகுந்து காணப்படும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், மாஸ்டோசைட்டோசிஸ் முழுவதும் மஜ்ஜை அணுக்கள் பெருகும் நோய்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. 2016-இல் அதைத் திருத்தியபோது, அதன் போக்கே வேறு என்று கண்டு தனிப் பிரிவாகப் பிரித்துவிட்டார்கள். அந்தப் பழைய பட்டியல்களும் பெரியவர்களுக்கான கட்டுரைகளும்தான் நள்ளிரவில் கைப்பேசியைத் திறக்கும் தாயின் கண்ணில் முதலில் படுகின்றன. பெரியவர்களைப் பற்றி எழுதியவற்றை உங்கள் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

இனி, நடப்பது என்ன என்று சொல்கிறேன். மாஸ்ட் செல் என்பது எல்லோருடைய உடலிலும் இருக்கும் காவல் அணு. 1878-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் தம் ஆய்வேட்டில் இதை விவரித்தார். தோல், குடல், மூச்சுக்குழாய் போன்ற இடங்களில், ரத்த நாளங்களை ஒட்டி இது தங்கியிருக்கும். அதற்குள் ஹிஸ்டமின் முதலான பொருள்கள் நுண்மணிகளாக நிரம்பியிருக்கும். கிருமியோ பூச்சி நஞ்சோ உள்ளே வந்தால் அந்த மணிகள் வெடித்து வெளியேறும். தோல் சிவக்கும், வீங்கும், அரிக்கும். உங்கள் மகனின் தோலில் இந்த அணுக்கள் ஆங்காங்கே அளவுக்கு மிஞ்சிக் கூடியிருக்கின்றன. அப்படிக் கூடியிருக்கும் இடமே பழுப்புத் திட்டு. பகைவன் வந்தால்தான் என்றில்லை, தேய்த்தாலும் சூடு பட்டாலும் அவை ஹிஸ்டமினைக் கொட்டிவிடும்.

அணுக்கள் இப்படிக் கூடுவதற்குப் பெரும்பாலும் கிட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் காரணம். நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவரின் தோலில் இம்மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். இது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்ததன்று. கருவில் வளரும்போது ஏதோ ஓர் அணுவில் தானாக நேர்ந்துவிடுவது. கர்ப்ப காலத்தில் நீங்கள் உண்டதோ, உண்ணாமல் விட்டதோ, கிரகண நேரத்தில் வெளியே வந்ததோ இதற்குக் காரணம் அல்ல. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்நோய்க்காக என்னிடம் வரும் தாய்மார்களில் பலர் குற்ற உணர்வோடுதான் வந்து அமர்கிறார்கள்.

இந்நோய் புதியதும் அன்று. 1869-இலேயே எட்வர்ட் நெட்டில்ஷிப் என்ற ஆங்கில மருத்துவர் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலில் இத்தகைய திட்டுகளைக் கண்டு எழுதிவைத்தார். சாதாரணத் தடிப்பு நோயில் ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக ஒரே இடத்தில் நிற்காது. தடமில்லாமல் மறைந்து வேறிடத்தில் எழும். இதிலோ வீக்கம் அடங்கும், திட்டு மட்டும் அதே இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். நோயைக் கண்டறிய உதவும் முதல் குறிப்பே அதுதான்.

அடுத்த குறிப்பு, மருத்துவர் செய்து பார்ப்பது. ஒரு திட்டின்மேல் மழுங்கிய முனையால் நாலைந்து முறை மிதமாகத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தால், சில நிமிடங்களில் அந்த இடம் மட்டும் மேலெழும்பும். சுற்றிலும் சிவப்பு படரும். பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ழான் டாரியரின் பெயரால் இதை டாரியர் அறிகுறி என்கிறோம். நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் விரலால் தடவினால் புடைப்பு தெளிவாகத் தட்டுப்படும். உங்கள் வீட்டில் குளியலின்போது நேர்வதும் இதுவே. 'இன்னும் இருக்கிறதா' என்று பார்ப்பதற்காக வீட்டில் யாரும் இதைத் தேய்த்துப் பார்க்க வேண்டாம். அதிலும் திட்டு பெரிதாகவோ உடல் முழுவதும் பரவியோ இருந்தால், ஒரே நேரத்தில் ஏராளமான ஹிஸ்டமின் வெளியேறி ரத்த அழுத்தம் இறங்கக்கூடும்.

கேள்வி: பேத்திக்கு ஒன்றரை வயது. மாஸ்ட் செல் நோய் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகளை எண்ணெய் தேய்த்து, கடலை மாவு போட்டு, வெந்நீர் ஊற்றி வளர்த்தவள் நான். இப்போது குழந்தையைத் தொடவே கூடாது என்கிறாள் மருமகள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் ஆகாதா? கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்திவிட்டோம். குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டியது பாக்கி இருக்கிறது.
— ஒரு பாட்டி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அம்மா, தொடக் கூடாது என்பது தவறு. தேய்க்கக் கூடாது என்பதுதான் சரி. குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள், மடியில் போட்டுத் தூங்க வையுங்கள். இது தொற்று நோய் இல்லை. வீட்டில் வேறு குழந்தைகள் இருந்தாலும் பிரித்து வைக்கத் தேவையில்லை.

இந்த நோய்க்கு ஆகாதவை என்று நாங்கள் எழுதிக் கொடுப்பவற்றில் முதல் இரண்டு, உராய்வும் சூடும். நம் வீடுகளின் குழந்தைக் குளியலில் அவை இரண்டும் ஒன்றாக வருகின்றன. காலில் போட்டு, எண்ணெய் வைத்து அழுத்தி உருவி, மாவு தேய்த்து, ஆவி பறக்கும் நீரை ஊற்றி, சொரசொரப்பான துண்டால் துவட்டி, கடைசியில் சாம்பிராணிப் புகையும் காட்டி எடுக்கும்போது, திட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தடித்து, குழந்தை முகம் சிவந்து வீறிட்டு அழுவதில் வியப்பில்லை. எண்ணெய் வேண்டும் என்றால் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் எடுத்து, திட்டுகளின் மேல் அழுத்தாமல் பூசிவிடுங்கள். மாவு வேண்டாம். தண்ணீர், உங்கள் முழங்கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். துவட்டும்போது தேய்க்காமல், மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கத்திரி வெயில் நாட்களில் வெளியே கூட்டிச் செல்வதைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதே வேளை, திடீரென்று குளிர்ந்த நீரை ஊற்றுவதும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்றையும் பாருங்கள். இடுப்பில் கட்டியிருக்கும் அரைஞாண் கயிறு ஏதாவது ஒரு திட்டின்மேல் ஓயாமல் உராய்கிறதா? வசம்பு வளையலோ, இறுக்கமான டயப்பரின் விளிம்போ, சட்டையின் உள்தையலோ அப்படி உரசுகிறதா? மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் நான் கேட்டுத் தெரிந்துகொள்வது இதைத்தான். கயிற்றைச் சில காலம் அவிழ்த்து வைத்தால் ஒரு குறையும் வந்துவிடாது.

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி எதுவானாலும், அரைத்துப் பூசினால் அந்தத் தேய்ப்பே நோயைத் தூண்டிவிடும் என்பதால் வேண்டாம். திட்டுகளில் கொப்புளம் எழுந்தால் அம்மை என்றோ அக்கி என்றோ எண்ணி, காவி குழைத்து அக்கி எழுதக் கூட்டிச் செல்கிறார்கள். இது அம்மையும் அன்று, அக்கியும் அன்று. உடைந்த கொப்புளத்தின் மேல் மண் பட்டால் சீழ் பிடிக்கும்.

பத்தியத்தைப் பொறுத்தவரை, காரணமில்லாமல் உணவை நிறுத்துவது வளரும் குழந்தைக்குச் செய்யும் தீங்கு என்பது என் உறுதியான கருத்து. முட்டை சாப்பிட்டு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் முட்டையை நிறுத்தக் கூடாது. ஒரு குறிப்பிட்ட உணவை உண்ட சிறிது நேரத்தில், ஒவ்வொரு முறையும் தடிப்போ முகச் சிவப்போ வயிற்றுப்போக்கோ வந்தால் அந்த ஒன்றை மட்டும் எழுதிவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊட்டுவதையும் மிகுந்த காரத்தையும் தவிர்த்தால் போதுமானது.

மொட்டையும் காதுகுத்தும் தாராளமாகச் செய்யலாம். தலையில் திட்டு இருக்கிறதா என்று முடியை விலக்கிப் பாருங்கள். இந்நோய் குழந்தைகளுக்கு நெற்றி ஓரத்திலும் தலையிலும் கழுத்திலும் வருவது வழக்கம். இருந்தால் சவரக் கத்திக்குப் பதிலாக இயந்திரத்தால் முடியைக் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள். புறப்படும் முன் அரிப்புத் தடுப்பு மருந்து கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; உச்சி வெயிலில் வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்தால் எந்த மருந்து கொடுக்கலாம்? மருந்துக்கடையில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
— ஒரு தந்தை, மதுரை

பதில்: பாரசிட்டமால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்கிறது. உங்கள் பிள்ளை இதற்கு முன் அதைச் சாப்பிட்டு ஒன்றும் நேரவில்லை என்றால், எடைக்கேற்ற அளவில் அதையே கொடுங்கள்.

கவனம் வேண்டியவை ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள். இவை மாஸ்ட் செல்களைத் தூண்டக்கூடியவை. நம் ஊரில் காய்ச்சல் குறையவில்லை என்றவுடன் மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப்பைக் கடையிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பாரசிட்டமாலும் இதுவும் ஒரே புட்டியில் கலந்தே வருவதும் உண்டு. ஆகவே புட்டியின் பெயரைப் பார்க்காமல், கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். ஏற்கெனவே இவற்றைச் சாப்பிட்டுத் தொல்லை இல்லாத குழந்தைக்கு இவற்றை அறவே விலக்க வேண்டியதில்லை; இதுவரை கொடுத்தே இராத குழந்தைக்கு முதல் முறையாக வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது. நிமசுலைடைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, 12 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் அதைக் கொடுக்க இந்தியாவில் 2011 முதல் தடை இருக்கிறது.

இருமல் மருந்துகளில் கோடீன், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் ஆகிய இரண்டும் இந்நோய்க்கு ஆகாதவை. நரம்பில் ஏற்றும் மருந்துகளில் வான்கோமைசின், மார்ஃபின் ஆகியவற்றைப் பற்றியும் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும்போது செலுத்தும் சில சாய மருந்துகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். இவை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். குழந்தையின் பெயர், நோயின் பெயர், தவிர்க்க வேண்டியவை, ஒத்துக்கொண்டவை ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி, உங்கள் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வாயால் சொல்வதற்கு முன் அதை நீட்டுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, தோல் நோய் இருப்பதால் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடுப்பூசியை நிறுத்திவிட வேண்டுமா?
— ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

பதில்: நிறுத்தக் கூடாது. இந்நோய் இருப்பதால் எந்தத் தடுப்பூசியும் விலக்கானதன்று. ஊசிக்குப் பின் சில குழந்தைகளுக்குத் திட்டுகள் தடிப்பதும், எப்போதாவது கொப்புளம் எழுவதும் உண்டு. பெரிய எதிர்வினை மிக அரிது. உடல் முழுவதும் பரவிய வகையாக இருந்தால், ஒரே நாளில் பல ஊசிகள் போடாமல் பிரித்துப் போடுவதும், முன்கூட்டியே அரிப்புத் தடுப்பு மருந்து கொடுப்பதும், போட்ட பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே அமர்ந்திருப்பதும் நல்லது. உங்கள் தோல் மருத்துவரிடம் 'தடுப்பூசி போடலாம்' என்று ஒரு வரி எழுதி வாங்கிச் சென்று அந்தச் செவிலியரிடம் காட்டுங்கள். அவர் தயங்கியது குழந்தையின் மேலுள்ள அக்கறையால்தான். தட்டம்மையிலிருந்து பாதுகாப்பு இல்லாமல் ஒரு குழந்தையை விட்டுவைப்பதுதான் இங்கே உண்மையான ஆபத்து.

கேள்வி: என் மகளுக்கு முழங்கையின் அருகே ஒரே ஒரு மஞ்சள் கலந்த பழுப்புக் கட்டி பிறந்ததிலிருந்து இருக்கிறது. ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாக இருக்கும். அவ்வப்போது கொப்புளம் வந்து உடைகிறது. வெட்டி எடுத்துவிடலாமா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: ஒற்றையாக வரும் இதை மாஸ்டோசைட்டோமா என்கிறோம். மருத்துவர் நேரில் பார்த்து இதுதான் என்று உறுதி செய்துவிட்டால் வெட்டத் தேவையில்லை. இந்நோயின் வகைகளில் மிக எளிதாக விலகிப்போவது இதுவே. உடை உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொல்லை அதிகமானால் மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு களிம்பைச் சில வாரங்கள் தடவலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கலவைக் களிம்புகள் வேண்டாம்.

கேள்வி: எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை அவசியமா? டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். மருந்து எவ்வளவு காலம் கொடுக்க வேண்டும்?
— ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: தோலில் மட்டும் நோய் இருக்கும் குழந்தைக்கு மஜ்ஜைப் பரிசோதனை வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. டிரிப்டேஸ் என்பது மாஸ்ட் செல்களிலிருந்து வரும் ஒரு நொதி. உடலில் அந்த அணுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை அது ஓரளவு காட்டும். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 11.4 நானோகிராம் வரை இயல்பு என்று கொள்கிறோம். தோலில் நோய் மிகுதியாக இருந்தால் மஜ்ஜையில் ஒன்றும் இல்லாமலே இந்த அளவு உயரக்கூடும் என்பதால், ஒரு முறை கூடியிருந்தது என்பதற்காக அஞ்ச வேண்டாம். கல்லீரலோ மண்ணீரலோ வீங்கியிருந்தால், நெறிகட்டிகள் பெருத்திருந்தால், ரத்த அணுக்களின் எண்ணிக்கையில் மாறுதல் இருந்தால், டிரிப்டேஸ் மேன்மேலும் ஏறினால், அப்போதுதான் மஜ்ஜையைப் பார்க்கிறோம்.

மருந்து நோயைக் கரைப்பதில்லை. அரிப்பையும் தடிப்பையும் அடக்கிக் குழந்தையை நிம்மதியாகத் தூங்கவைக்கிறது. செட்டிரிசின், லோராட்டடின் போன்றவை பெரும்பாலும் போதும். வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் இருந்தால் ஃபமோட்டிடின், குரோமோகிளைக்கேட் ஆகியவற்றைச் சேர்ப்பதுண்டு. தொல்லை இல்லாத குழந்தைக்குத் தினமும் மருந்து வேண்டியதில்லை. பெரிதும் சிறிதுமாகக் கலந்த திட்டுகள் உள்ள குழந்தைகளுக்கு நோய் விலகும் வாய்ப்பு அதிகம். ஒரே அளவில் மிகச் சிறிய புள்ளிகளாக இருந்தால் பெரியவராகும்வரை தொடரக்கூடும் என்பதால் அவர்களை நீண்ட காலம் கவனித்து வருகிறோம்.

தோல் முழுவதும் தடித்து, பெரிய கொப்புளங்கள் எழும் பரவல் வகை ஒன்று உண்டு. அது மிக அரிது. ஆனால் கைக்குழந்தைப் பருவத்தில் ஆபத்தானது. அத்தகைய குழந்தையின் பெற்றோர் அட்ரினலின் ஊசியை எப்போது, எவ்வளவு, தொடையில் எந்த இடத்தில் போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும். தானே குத்திக்கொள்ளும் பேனா வடிவ ஊசிகள் நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. மருந்துக் குப்பியையும் சிறிய சிரிஞ்சையும் வைத்துத்தான் பழக வேண்டியிருக்கிறது. எந்த வகையானாலும், குழந்தை திடீரென்று உடல் முழுவதும் சிவந்து, தொடர்ந்து வாந்தி எடுத்து, மூச்சுத் திணறினாலோ துவண்டு விழுந்தாலோ, அல்லது குளவியோ தேனீயோ கொட்டிய பின் இவை தோன்றினாலோ, குழந்தையைப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: அடுத்த குழந்தைக்கும் வருமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: வர வாய்ப்பு மிகக் குறைவு. குடும்பத்தில் பலருக்கு வருவது அபூர்வம். அதற்காக அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எனது மகளுக்கு நான்கு வயது. மாஸ்டோசைட்டோசிஸ் உள்ளது. குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர் கூறுகிறார். மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு தாய், யாழ்ப்பாணம்

பதில்: அறுவை சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை. மயக்க மருத்துவருக்கு இந்நோய் இருப்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நாள் குறித்த பிறகு அன்று காலையில் சொல்லாமல், சில நாட்களுக்கு முன்பே அவரை நேரில் கண்டு, ஒவ்வாத மருந்துகளின் அட்டையைக் காட்டிப் பேசுங்கள். மயக்கத்துக்குப் பயன்படும் மருந்துகளில் புரோபஃபால், செவோஃப்ளுரேன், ஃபென்டனில் முதலியன பொதுவாக ஒத்துக்கொள்கின்றன. மார்ஃபின், கோடீன் ஆகியவற்றையும் தசையைத் தளர்த்தும் மருந்துகளில் அட்ராகூரியம், மிவாகூரியம் ஆகியவற்றையும் தவிர்ப்பார்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் அரிப்புத் தடுப்பு மருந்தை அன்று நிறுத்திவிடாதீர்கள். எந்த நேரத்தில் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அச்சமும் அழுகையும்கூட மாஸ்ட் செல்களைத் தூண்டும் என்பதால், குழந்தை மயங்கும்வரை நீங்கள் அருகில் இருக்க அனுமதி கேளுங்கள். அறுவை அரங்கின் குளிரில் உடல் சில்லிட்டுவிடாமல் போர்த்தவும், மருந்து தடவித் துடைக்கும்போதும் பிளாஸ்திரி ஒட்டி உரிக்கும்போதும் திட்டுகளைத் தேய்க்காமல் இருக்கவும் செவிலியரிடம் சொல்லி வையுங்கள். முன்கூட்டியே டிரிப்டேஸ் அளவை ஒரு முறை பார்த்துக் குறித்து வைத்திருந்தால், அறுவையின்போது ஏதேனும் எதிர்வினை நேர்ந்தால் நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டு, அது மாஸ்ட் செல்களால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று மருத்துவர்கள் அறிந்துகொள்ள முடியும்.